வாடிய செடியும் அளவை நூலும்

பூச்செடி ஒன்று ஏன் வாடியது என்பது வேளாண்மைத் துறையினரின் கேள்வியாகவே முதலில் தோன்றும். ஆனால், வாட்டத்தைக் கண்டவர் அதன் காரணத்தை எவ்வாறு அறிகிறார், அவ்வாறு அறிந்தது மெய்தான் என்பதற்கு என்ன உறுதி, தவறாக அறிந்தால் அந்தப் பழி யார்மேல் விழுகிறது என்னும் மூன்றையும் சேர்த்து எண்ணும்போது அது தத்துவக் கேள்வியாகி, அளவை நூலின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. அளவை என்பது மெய்யறிவைப் பெறும் வழி. வடமொழி மரபு இதனைப் பிரமாணம் என்கிறது. 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரை இயற்றிய அருணந்தி சிவாசாரியார், இறைவனைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே அளவையைப் பற்றிப் பேசி, பலவாறு எண்ணப்படும் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடக்கிக் காட்டினார். எதையும் எவ்வாறு அறிவது என்று தெளியாமல் சமயம் பேசப் புகுவது முறையன்று என்பது அந்த வைப்புமுறையிலேயே பெறப்படும்.

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதியில், மலையடிவாரத்தை ஒட்டிய உலு யாம், பத்தாங் காலி, கோல குபு பாரு ஆகிய ஊர்களிலும், சிலாங்கூர் ஆற்றின் போக்கிலேயே மேற்கு நோக்கி இறங்கினால் வரும் பெஸ்தாரி ஜெயா, கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களிலும், பால்மரம் சீவ வந்த தமிழர்கள் லயன் வீடுகளின் முன்னும் கோயிலைச் சுற்றியும் வளர்த்த செம்பருத்தியும் மல்லிகையும் நந்தியாவட்டையும் அரளியும் கோழிக்கொண்டையும் துளசியும் அழகுக்காக மட்டும் வைக்கப்பட்டவை அல்ல. அவை மாரியம்மனுக்கும் முனீஸ்வரருக்கும் உரியவை என்ற எண்ணத்தோடு வைக்கப்பட்டவை. லயங்கள் இடிக்கப்பட்டு மக்கள் தாமான் எனப்படும் குடியிருப்பு வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பின்பும் வாசலோரச் சட்டிகளில் அந்த வழக்கம் தொடர்கிறது. திருப்புகலூரில் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகைப் பூக்களையும் வைகறையில் கொய்து மாலை தொடுத்த முருக நாயனாரைப் பெரிய புராணம் அடியாராகவே வைத்துப் போற்றுகிறது. எந்தப் பூ பூசைக்கு ஆகும், எது ஆகாது என்பதைக் கமலை ஞானப்பிரகாசரின் புட்பவிதி தனி நூலாகவே வகுத்துரைக்கிறது. வாடிய பூவையும் உதிர்ந்த பூவையும் சாத்தலாகாது என்று வளர்ந்த மரபில், பூவைத் தரும் செடியே வாடி நிற்பது அதை வளர்த்தவரின் மனத்தில் சமயக் கலக்கத்தை எழுப்புவது இயல்பே.

அந்தக் கலக்கத்துக்குத் தோட்டப்புறங்களிலும் தமிழகத்துக் கிராமங்களிலும் வழக்கமாகக் கிடைக்கும் விடைகள் மூன்று: கண்ணேறு பட்டுவிட்டது, தீட்டுப் பட்டுவிட்டது, வீட்டாரின் வினை. முதல் விடை அண்டை வீட்டாரையும், இரண்டாவது அந்த வீட்டுப் பெண்ணையும், மூன்றாவது செடியை வளர்த்தவரையும் குற்றவாளியாக்குகின்றன. செடியின் வேரையோ தண்டையோ யாரும் விசாரிப்பதில்லை. காரணத்தைத் தவறாகச் சொல்வது அறிவுக் குறை மட்டுமன்று, பிறர்மேல் பொய்ப்பழி சுமத்தும் அறப்பிழையும் ஆகும் என்பதால், வாடலின் ஏதுவைச் சரியாக நாடுவது சமயக் கடமைகளுள் ஒன்றாகவே எண்ணத்தக்கது.

இதற்குரிய கருவி தமிழில் வெகுகாலமாக இருந்து வருகிறது. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் 27ஆம் காதையாகிய 'சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதை'யில், வஞ்சி மாநகரில் மணிமேகலையிடம் பேசும் அளவைவாதி, கருதல் அளவையைப் பொது, எச்சம், முதல் என மூன்றாகப் பிரிக்கிறான். கருதல் என்பது, கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது. காட்டுக்குள் பிளிறல் கேட்டு அங்கே யானை உண்டென்று உணர்வது பொது. ஆற்றில் பெருகிவரும் வெள்ளத்தைக் கண்டு மேற்புறத்தே மழை பெய்திருக்கிறது என்று துணிவது எச்சம். சூல்கொண்ட முகிலைக் கண்டு மழை பெய்யப்போகிறது என்று சொல்வது முதல். எச்சத்தில் அறிவு காரியத்திலிருந்து காரணத்துக்குப் பின்னோக்கிச் செல்கிறது. 'முதல்' வகையில் அது காரணத்திலிருந்து காரியத்துக்கு முன்னோக்கிச் செல்கிறது. வாடிய செடியைக் கண்டு நோயை அறிவது எச்சம் என்றும், மண்ணையும் மழையையும் கண்டு வரப்போகும் வாடலைத் தடுப்பது முதல் என்றும் கொண்டால், நோயறிதலும் நோய்த்தடுப்பும் ஒரே கருதல் அளவையின் இரு கிளைகளே.

எச்சத்தில் ஒரு பெரிய இடர் உண்டு. ஒரே காரியம் பல காரணங்களால் விளையக்கூடும் என்பதே அது. இலைகள் விறைத்து நிற்பது அவற்றின் உயிரணுக்களில் நிறைந்திருக்கும் நீரின் அழுத்தத்தால். வேர் உறிஞ்சும் நீர் தண்டிலுள்ள நுண்குழாய்களில் ஏறி இலைத்துளைகள் வழியே ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. சட்டியில் வளர்ந்த சூரியகாந்தியை நிறுத்து நிறுத்துப் பார்த்து அது வெளியேற்றும் நீரைக் கணக்கிட்ட ஆங்கிலப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ் அதை 1727இல் நூலாக வெளியிட்டார். அந்த நீர்ப்பாதை எங்கே தடைபட்டாலும் வெளியே தெரிவது ஒரே வாட்டந்தான். மண் காய்ந்தாலும் செடி வாடும். மண்ணில் நீர் தேங்கி வேருக்குக் காற்றில்லாமல் போனாலும் செடி வாடும். செம்பனைக்கு வந்த உரத்தில் ஒரு பிடியை மல்லிகைச் சட்டியில் கொட்டினால், உப்பு மிகுந்து வேர் நீரை இழுக்க முடியாமல் ஈரத்தின் நடுவிலேயே செடி துவளும். நுண்ணுயிர் குழாயை அடைத்தாலும், நூற்புழு வேரை முடிச்சு முடிச்சாக்கினாலும், பூஞ்சை தூரை அரித்தாலும் துவளும். வாடிய செடிக்கெல்லாம் தண்ணீர் ஊற்றுவது என்ற பழக்கம், நீர் தேங்கி வாடும் செடியைக் கொன்றுவிடக்கூடும். மணிமேகலை அளவைப் பிழைகள் எட்டு என்று எண்ணும்போது, ஆராயாமலே முடிவுக்கு வருவதைத் 'தேராது தெளிதல்' என்கிறது. தண்ணீர் வாளியோடு ஓடிவருபவரின் அன்பில் குறையில்லை. அந்த அன்பு செய்யும் பிழைக்கு அதுவே பெயர்.

இந்த இடரை நியாய நூலார் முன்னரே எழுப்பியிருக்கிறார்கள். வெள்ளத்தைக் கண்டு மழையைத் துணியலாமென்றால், கரையோ அணையோ உடைந்தும் வெள்ளம் வரலாமே, அப்போது அனுமானம் பொய்யாகிவிடாதா என்று கௌதமரின் நியாய சூத்திரத்தில் மறுப்பாளர் கேட்கிறார். இது வெறும் வாதத்துக்காகக் கற்பித்த மறுப்பன்று என்பதற்கு உலு சிலாங்கூர் மாவட்டமே சான்று தரும். 1883இல் பழைய கோல குபுவில் அணை உடைந்து ஊரை வெள்ளம் அடித்துச் சென்றது. மாவட்ட அதிகாரியாக இருந்த செசில் ரேங்கிங் அதில் உயிரிழந்தார். அணையைக் காத்துவந்த வெள்ளை முதலையை அவர் சுட்டதால்தான் அது உடைந்தது என்ற கதை வட்டார மக்களிடையே இன்றும் வழங்குகிறது. பின்னாளில் ஈயச் சுரங்கங்களிலிருந்து வந்த மண் ஆற்றுப்படுகையை மேடாக்கி வெள்ளம் திரும்பத் திரும்பப் புகுந்ததால் ஊரே இடம் மாறி, கோல குபு பாரு என்னும் புதிய நகரம் எழுந்தது. முதலைக் கதை ஒரு மனிதரைக் குற்றவாளியாக்கியதோடு நின்றது. படுகையில் சேர்ந்த மண்ணைப் பார்த்த அறிவு ஒரு நகரத்தையே பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்தியது.

மறுப்புக்கு நியாய மரபு தரும் விடை நுட்பமானது. எந்த வெள்ளமும் மழைக்கு ஏதுவாகிவிடாது; நீர் விரைந்து ஓடுவதும், நுரை பொங்குவதும், இலையும் பழமும் கட்டையும் மிதந்து வருவதுமாகிய சிறப்பு அடையாளங்களோடு கூடிய வெள்ளமே மேற்புற மழையைக் காட்டும் என்று உரைகாரர் வாத்சியாயனர் விளக்குகிறார். பொது அடையாளத்தை விட்டுச் சிறப்பு அடையாளத்தைத் தேட வேண்டும் என்பதே இதன் பொருள். தாவர நோயியல் இன்று செய்வதும் இதைத்தான். நண்பகலில் தொங்கி, மறுநாள் பொழுது விடியுமுன் நிமிர்ந்திருக்கும் செடிக்குப் பெரும்பாலும் நோய் இல்லை; வெயிலில் இழந்ததை இரவில் மீட்டுக்கொண்டது, அவ்வளவே. விடியற்காலையிலும் துவண்டு கிடக்கும் செடியின் அடியில் விரலை விட்டுப் பார்த்து, மண் ஈரமாக இருந்தால் தண்ணீர்க் குறை என்ற காரணம் விலகுகிறது. தூரில் வெண்ணிற இழைகள் படர்ந்து, அவற்றினிடையே கடுகளவான பழுப்பு உருண்டைகள் கிடந்தால் அது ஸ்கிளிரோஷியம் என்னும் பூஞ்சை; மல்லிகையின் தூரழுகலுக்கு இதுவே முதன்மைக் காரணம். அடியிலைகள் முதலில், அதுவும் பல நேரங்களில் செடியின் ஒரு பக்கத்தில் மட்டும், மஞ்சளாகி, தண்டைக் கீறினால் உள்ளே குழாய்ப் பகுதி பழுப்புக் கோடாகத் தெரிந்தால் புசேரியம் பூஞ்சையை ஐயுறலாம். பிடுங்கிய வேரில் மணி கோத்தாற்போல் முடிச்சுகள் இருந்தால் நூற்புழு. மணற்பாங்கான பழைய ஈயச் சுரங்க மண்ணில் கோழிக்கொண்டை இதற்கு எளிதில் இரையாகும்.

இலைகள் பச்சை மாறாமலே, ஓரிரு நாளில், வெந்நீர் ஊற்றியதுபோல் செடி முழுவதும் சரிந்துவிட்டால் அது பெரும்பாலும் பாக்டீரியா வாடல். இதற்குக் காரணமான நுண்ணுயிரை 1896இல் எர்வின் ஸ்மித் என்னும் அமெரிக்க அறிஞர் முதன்முதலில் விவரித்தார். இன்று ரால்ஸ்டோனியா எனப்படும் அது தக்காளி, கத்தரி, மிளகாய், இஞ்சி தொடங்கிச் சாமந்தி வரை நூற்றுக்கணக்கான செடியினங்களைத் தாக்கக்கூடியது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த நிலங்களே அதற்கு ஏற்றவை என்பதால் உலு யாம் போன்ற இடங்களில் அதை எப்போதும் நினைவில் வைத்திருக்க வேண்டும். இதனை அறியும் சோதனைக்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. வாடிய செடியின் அடித்தண்டில் விரல் நீளத் துண்டு ஒன்றைக் கூரிய கத்தியால் நறுக்கி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் வெட்டுவாய் நீரைத் தொடுமாறு அசையாமல் பிடித்திருந்தால், சில நிமிடங்களில் வெட்டிய இடத்திலிருந்து பால்நிற இழை ஒன்று கீழ்நோக்கி இறங்கும். குழாய்களை அடைத்துக்கொண்டிருந்த பாக்டீரியாக் கூட்டமே அவ்வாறு வழிகிறது. புகையைக் கண்டு மலையில் நெருப்புண்டு என்பதைத் தலைமுறை தலைமுறையாக எடுத்துக்காட்டாகச் சொல்லிவந்த அளவை நூலார் நீருக்குள் இறங்கும் இந்தப் புகையைக் கண்டிருந்தால் அந்த மலைப்புகையைக் கைவிட்டிருக்கவும் கூடும். இழை இறங்கவில்லை என்பதனாலேயே நோய் இல்லை என்று துணிவதும் சரியன்று. நோயின் தொடக்கத்தில் அது தெளிவாகத் தெரியாமல் போகலாம்.

தீட்டைப் பற்றிய நம்பிக்கைக்கு இனித் திரும்பலாம். மாதவிலக்கில் இருக்கும் பெண் தொட்டால் துளசியும் மல்லிகையும் கறிவேப்பிலையும் பட்டுப்போகும் என்ற கருத்து தமிழருக்கு மட்டும் உரியதன்று. தொண்டை அடைப்பான் நோய்க்குத் தம் பெயரால் வழங்கும் சோதனையைக் கண்டறிந்து புகழ்பெற்ற பேலா ஷிக் என்னும் மருத்துவர், வியன்னாவில் 1920இல், மாதவிலக்கில் இருந்த பணிப்பெண் கையில் கொடுத்த மலர்கள் விரைவில் வாடியதாகக் கண்டு, அக்காலத்தில் பெண்ணுடலில் ஒரு நஞ்சு சுரக்கிறது என்று எழுதினார். அந்த நஞ்சைத் தேடி அறிவியலாளர்கள் பல்லாண்டுகள் செலவிட்டும் கருத்து நிலைபெறவில்லை. இத்தகைய கூற்றுகளை ஆராய இந்திய அளவை நூல்கள் உடன்பாடு, எதிர்மறை என்னும் இரட்டைச் சோதனையை வைக்கின்றன. உடன்பாடு என்பது காரணம் உள்ள இடமெல்லாம் காரியம் இருத்தல். எதிர்மறை என்பது காரணம் இல்லாத இடத்தில் காரியமும் இல்லாதிருத்தல். தீட்டு நம்பிக்கையில் எண்ணப்படுபவை பெண் தொட்டு வாடிய செடிகள் மட்டுமே. பெண் தொட்டும் வாடாதவை யார் கண்ணிலும் படுவதில்லை. யாரும் தொடாமலே வாடியவையோ கண்ணேற்றின் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. ஒரு காரணம் தோற்கும் இடத்தில் இன்னொன்று வந்து தாங்கிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டில் எந்தக் காரணமும் ஒருபோதும் பொய்யாக முடியாது. பொய்யாக முடியாத ஏது எதையும் நிறுவுவதுமில்லை. முயலுக்குக் கொம்பு உண்டென்று கேட்டதைக் கேட்டபடியே தெளிந்துகொள்வதை மணிமேகலை 'எய்தும் இல் வழக்கு' என்று பிழைகளுள் வைத்திருக்கிறது. முயற்கொம்பால் எந்த முயலுக்கும் தீங்கில்லை. தீட்டுக் கதையாலோ மாதந்தோறும் ஒரு பெண் தன் வீட்டுச் செடியிடமிருந்தே விலக்கப்படுகிறாள்.

வினை என்னும் விடை இவ்வளவு எளிதில் தள்ளத்தக்கதன்று. அது சைவத்தின் மையக் கொள்கைகளுள் ஒன்று. ஆனால் சித்தாந்தம் வினையைக் கண்ணுக்குத் தெரியும் காரணத்துக்கு மாற்றாக வைப்பதில்லை. வினை சடம், அது தானாக வந்து உயிரைப் பற்றாது, இறைவன் கூட்டுவித்தே பயன் தரும் என்பது கொள்கை. அவ்வாறு கூட்டப்படும் பயனும் ஆதியான்மிகம், ஆதிபௌதிகம், ஆதிதைவிகம் என்னும் வழிகளில், அதாவது தன் உடல் உள்ளங்களின் வழியாகவும், பிற உயிர்களின் வழியாகவும், மழை, வெயில், இடி போன்றவற்றின் வழியாகவும், வந்து சேர்கிறது. எனவே ஒருவரின் இழப்பு வினைப்பயனே என்று கொண்டாலும், அது எந்த வழியாக வந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. வழியை அறிந்து அடைப்பது வினைக்கொள்கைக்கு முரணாகாது. திருக்குறளில் ஊழ் 38ஆம் அதிகாரமாகவும் ஆள்வினையுடைமை 62ஆம் அதிகாரமாகவும் ஒரே நூலுக்குள் அமைந்திருப்பதும் இதனால்தான். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: சைவத்தில் செடியும் உயிர், வாடுவதும் சாவதும் செடி, ஆயினும் வினைக்கணக்கு எப்போதும் வீட்டுக்காரரின் பெயரில்தான் எழுதப்படுகிறது!

முன்னோர் செய்தது பின்னோரை வந்தடையும் என்பதற்கு இந்த நிலத்திலேயே கண்கூடான வடிவம் ஒன்று உண்டு. 1904இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் ஹென்றி நிக்கலஸ் ரிட்லி ரப்பர் மரத்தில் பதிவுசெய்த வெண்வேர் நோய், வெட்டிய மரத்தின் அடிக்கட்டை மண்ணுக்குள் மக்காமல் கிடக்கும்வரை அதிலேயே தங்கியிருந்து, புதிதாக நட்ட கன்றின் வேர் அக்கட்டையின் வேரைத் தொடும்போது வெள்ளை இழைகளாக அதன்மேல் படர்ந்து ஏறும். கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் ஆன்றி ஃபோக்கோனியே வணிக நோக்கில் செம்பனை பயிரிட்டதே மலாயாவில் முதல் முயற்சி. அந்தச் செம்பனையையும் கானோடெர்மா என்னும் பூஞ்சை இவ்வாறே பழைய அடிக்கட்டைகளிலிருந்து தொற்றுகிறது. நோய் ஓலையில் தெரியும்போது அடித்தண்டின் உட்பகுதி பெரிதும் அழிந்திருக்கும். பால்மரம் நின்ற நிலத்தில் வீடு கட்டி வாசலில் செடி வைப்பவர் நிலத்தடியில் பெற்றுக்கொள்ளும் பழவினை இது. இதற்குப் பரிகாரம் அடிக்கட்டையைத் தோண்டி எடுப்பதுதான்.

நோய்த்தடுப்பு, முன்னே சொன்ன 'முதல்' வகைக் கருதல். சிலாங்கூரின் மேற்குப் பகுதிகளில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகும் என்பது தெரிந்ததே. ஆகவே அதற்கு முந்திய வாரங்களிலேயே பாத்தியைச் சாண் உயரமாவது மேடாக்கி, நீர் வடியக் கால் வெட்டி, சட்டிகளின் அடித்துளைகளைத் திறந்துவிடுவது முகிலைக் கண்டு மழையை அறிந்தவர் செய்யும் செயல். பாக்டீரியா வாடல் ஒருமுறை வந்த பாத்தியில் தக்காளி, கத்தரி, மிளகாய் இனங்களையோ சாமந்தியையோ மீண்டும் வைக்கலாகாது. நுண்ணுயிர் மண்ணில் நெடுங்காலம் தங்கும், வந்தபின் தீர்க்கும் மருந்தும் இல்லை. களை கொத்தும்போது வேரில் படும் காயமே அதற்கு வாசல் என்பதால் தூரை ஒட்டி மண்வெட்டி போடாமல் கையால் களை பறிப்பதும், நோயுற்ற செடியை வெட்டிய பாராங் கத்தியைக் கழுவித் துடைத்து மருந்துநீரில் நனைத்த பின்னரே அடுத்த செடிக்குக் கொண்டுபோவதும் வேண்டும். இவ்வட்டாரத்துப் புளிப்பு மண்ணுக்குச் சுண்ணாம்போ டோலமைட்டோ இட்டுப் பதப்படுத்துவது பல செடிகளுக்கு நலம். நூற்புழு மிகுந்த இடத்தில் கோழிக்கொண்டைக்கு முன் செண்டுமல்லியைச் சில மாதங்கள் நெருக்கி வளர்க்கலாம். அதன் வேரில் சுரக்கும் பொருள் நூற்புழுக்களைக் கொல்லும்.

கொல்லும் என்ற சொல் வரும்போது இன்னொரு கேள்வி எழாமல் போகாது. அகப்பூசைக்குரிய எட்டு மலர்களாகச் சைவம் எண்ணும் அட்டபுட்பத்தில் முதல் மலர் கொல்லாமை. பூசைக்குப் பூ வேண்டி நூற்புழுவைக் கொல்வதும், நோயுற்ற செடியைப் பிடுங்கி எரிப்பதும் அதற்கு ஒக்குமா என்று கேட்டால் முழு விடை கிடைப்பது அரிது. ஒரு செடியை எடுத்து ஒன்பதைக் காப்பது குறைந்த தீங்கு என்பது நடைமுறை விடையே அன்றிக் கொல்லாமை ஆகாது. ஆயினும் இந்தக் கேள்வியை முறையாக எழுப்ப எது கொல்லப்படுகிறது, எதற்காக என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். நோயில்லாத செடியை அறியாமல் பிடுங்கி எறிபவருக்கு அந்தச் சமாதானமும் இல்லை. உலகில் எல்லாம் வாடுவனவே, தடுத்து என்ன பயன் என்று நிலையாமையைக் காட்டுவது இந்த இடத்துக்குப் பொருந்தாத வாதம். பறித்த பூ மாலைக்குள் வாடுவது நிலையாமை. நீர் தேங்கிய சட்டியில் செடி அழுகுவது கவனக்குறைவு.

கோயில் தோட்டங்களில் வாடலின் வழிகளுள் பெரிதும் கவனிக்கப்படாதது நிர்மாலியம். இறைவனுக்குச் சாத்திக் களைந்த பூவும் மாலையும் நிர்மாலியம் எனப்படும். சைவ மரபில் அது சண்டேசுரருக்கு உரியது. காலில் மிதிபடக்கூடாது என்பதால் அதை ஆற்றில் விடுவதும் செடியின் தூரில் கொட்டுவதும் வழக்கம். கேமரன் மலை போன்ற இடங்களில் விளைந்து சந்தைக்கு வரும் சாமந்தி பல நேரங்களில் தண்டோடும் இலையோடும் வருகிறது. அவற்றுள் நோயுற்ற தண்டு ஒன்று இருந்தாலும் அது வழிபாட்டின் வழியாகவே கோயில் மல்லிகையின் வேருக்குப் போய்ச் சேர வாய்ப்புண்டு. நிர்மாலியத்தை ஒரு மூலையில் தனியே குவித்து, தண்டுகளை நறுக்கிப் போட்டு, குவியலின் நடுவில் கைவைக்க முடியாத சூடு பல நாள் ஏறி நிற்குமாறு புரட்டிப் புரட்டி மக்கவைத்தால் நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவை அழியும். இதழும் நாரும் பிரித்தறிய முடியாத கறுத்த மண்ணாக அது மாறிய பின்னரே செடிக்கு உரமாகலாம். அதுவரை அது சண்டேசுரருடையது.